இருபது பேருக்கு மேல் இடமில்லை

வசிதிக்கு என்ன வேலை என்று அவள் அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சொந்த ஊரான கந்தாவுத் தீவிலிருந்து யாராவது வந்து விசாரித்தால், "சூவாவுல மருந்துக் கிடங்குல கதவு திறந்து விடறா" என்று சொல்லிவிடுவாளாம். வசிதி அதைத் திருத்தப் போனதில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய தப்பும் இல்லை.

கிடங்கின் கீழ்த்தளம் முழுக்க மருந்துப் பெட்டிகள். மாடியில் ஒரே ஒரு அறை. அறையின் மூலையில், இரும்புக் கம்பிக் கூண்டுக்குள், பலர் ஒரே சமயத்தில் உள்ளே வரக்கூடிய பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று. தூரத்துத் தீவுகளில் இருக்கும் நர்ஸுகள் கூரைமேல் வைத்த வட்டத் தட்டு வழியாக வானத்தைத் தொட்டு, அங்கிருந்து இறங்கி, இந்த இயந்திரத்துக்குள் நுழைவார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தங்களுக்கு என்ன மருந்து வேண்டும், எத்தனை வேண்டும் என்று தட்டிவிட்டு வெளியே போவார்கள். கீழே பெட்டி கட்டி, வாலு பே துறையில் கப்பலேற்றுவார்கள். நர்ஸுகள் நுழைவதற்கான கதவைப் பார்த்துக்கொள்வதுதான் வசிதியின் வேலை. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு இருபத்து நான்கு வயதில் இந்த மாடிக்கு ஏறி வந்தாள். இப்போது முழங்கால் இரண்டும் படி ஏறும்போதே பேசுகின்றன. கணவன் சினாய்ப் பாலைவனத்துக்கு அமைதிப்படையில் போனவன், திரும்பி வந்தபோது வேறு ஒரு வீட்டுக்குத் திரும்பினான். மகள் ஆக்லாந்தில் யாரோ வயதானவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வசிதி கீழ்க்குரல் பாடுவாள். மற்ற நாளெல்லாம் இந்த மாடி.

மாடியில் அவளோடு இருந்தவன் பெனியாசி. அவளுடைய அத்தை மகன். அத்தை கந்தாவிலிருந்து மதுக்குத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அதனால் முறை தெளிவாக இருந்தது, கேலிக்கு எல்லையே இல்லாமலும் இருந்தது. காலையில் அவள் மூச்சிரைக்கப் படியேறி வந்தால், "வாடி மாமன் மகளே, நல்ல வேளை உன்னைக் கட்டாம தப்பிச்சேன். தூக்கிட்டு ஏற வேண்டியிருந்திருக்கும்" என்பான். "உன்னைக் கட்டியிருந்தா நான் மாடி ஏறியிருக்க மாட்டேன், மாமா. கீழ குதிச்சிருப்பேன்" என்பாள் இவள். இருபது வருஷத்துக்கு மேல் இதே பேச்சு. இருவருக்கும் அலுத்ததில்லை.

அந்தப் பெனியாசி ஒரு ஞாயிறன்று, சர்ச் முடிந்து, வீட்டுக் கொல்லையில் மண்ணடுப்பைத் திறக்கக் குனிந்தான். கிழங்கும் கோழியும் வெந்த வாசனை மேலே வந்தது. அவன் எழவில்லை.

அடக்கம் முடிந்த வாரத்தில் அவனுடைய சொந்தக்காரர்கள் பாய்ச் சுருளோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். கீழே தாழம்பாய் விரித்து, மேனேஜரிடம் முறைப்படி பேசி, மாடிக்கு ஏறி, பெனியாசியின் மேஜையை மரப்பட்டைத் துணியால் மூடினார்கள். கறுப்பும் பழுப்புமாய்க் கோலம் அச்சடித்த பெரிய துணி. நூறாம் இரவு வரை அந்த மேஜை விலக்கு. யாரும் உட்காரக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. மதுக்கில் அவன் குடும்பத்தின் பங்குக் கடலிலும் அதுவரை யாரும் வலை போட மாட்டார்கள். மேனேஜர் தலையாட்டினார். மூன்றாவது மேஜைக்காரன் பிசுன், லபாசாவிலிருந்து வந்த கரும்புத் தோட்டக் குடும்பத்துப் பையன், கைகூப்பி நின்றான். வசிதி அழுதாள். அழுதுகொண்டிருந்தபோதே அவள் காதில் ஒன்று விழுந்தது. துணிக்கு அடியில் பெனியாசியின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவன் அதை அணைக்காமல் போயிருந்தான். திங்கள்கிழமை வந்து தொடர்வதாக இருந்தவன்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அறையில் அவன் மேஜைப் பக்கம் அந்தச் சின்ன விசிறியின் முனகல் இருப்பது அவளுக்கு வேண்டியிருந்தது.

அதற்குப் பிந்திய வாரங்களில், உள்ளே நுழைய முடியவில்லை என்று நர்ஸுகள் அவ்வப்போது கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப முயன்றால் முடிந்தது. மழைக்கு வானத்து இணைப்பு மோசம் என்று வசிதி சொல்லிக்கொண்டாள். சூவாவில் மழைமேல் எந்தப் பழியை வேண்டுமானாலும் போடலாம், அது மறுக்காது.

காலாண்டுக் கப்பலுக்கு எல்லாத் தீவும் ஒரே சமயத்தில் எழுதும் வாரம் வந்தது. வெள்ளி நண்பகலோடு கணக்கு மூடிவிடுவார்கள். வியாழன் காலை மதுக்கிலிருந்து நர்ஸ் தரைவினி போன் செய்தாள். சின்னப் பெண். வானம் வழியாக வரும் குரல், ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் ஒரு மூச்சுப் பள்ளம்.

"அக்கா, நேத்துலேருந்து என்னை உள்ள விடமாட்டேங்குது. ஏற்கனவே நிறைய பேர் உள்ள இருக்காங்கன்னு சொல்லுது. யாரு அது? இங்க நானும் ஒரு பூனையும்தான் இருக்கோம்."

"இங்க எழுதறதுக்கு நெரிசல்டி. கொஞ்சம் பொறு."

"பொறுக்கலாம்க்கா. சர்க்கரை ஊசி பொறுக்காது. மூணு பேரு போட்டுக்கறாங்க இங்க. என்கிட்ட இருக்கறது அடுத்த கப்பல் வரைக்கும் வராது. இந்தக் கப்பல்ல ஏறியே ஆகணும்."

"நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்."

"நீங்க எழுதினா காய்ச்சல் மாத்திரைதான் ஏறும்" என்றாள் தரைவினி. "குளிர்ப்பெட்டி மருந்துக்கு நானே உள்ள வந்து ஃபிரிட்ஜ் எவ்வளவு குளிர்ல இருக்குன்னு போடணும்னு நீங்கதானே சட்டம் வச்சிருக்கீங்க."

அது உண்மை. ஒரு முறை யாரோ எழுதிக் கொடுத்ததை நம்பி அனுப்பிய ஊசி மருந்து, ஃபிரிட்ஜ் வேலை செய்யாத தீவில் இறங்கி வீணாய்ப் போனது. அதன் பிறகு நர்ஸின் சொந்தக் கை உள்ளே வந்து தட்டாமல் குளிர் மருந்து கிடங்கை விட்டு நகராது. சட்டம் கொண்டு வந்தவர்களில் வசிதியும் ஒருத்தி.

"நாளைக்குள்ள ஏத்திவிடறேன்" என்றாள்.

போனை வைத்ததும் பிசுன் நாற்காலியோடு உருண்டு வந்தான். "அக்கா, இதைப் பத்தி நான் படிச்சேன். கதவோட செட்டிங்ல செஷன் அளவு பத்துன்னு போட்டிருக்கு. ஆயிரமா மாத்திட்டேன். மறுபடி தொடங்கியும் விட்டாச்சு. டீ வாங்கிக் குடுங்க."

"ஆயிரமா?"

"கஞ்சத்தனம் எதுக்கு?"

"டேய், அது ஒரு ஆள் ஒரே கம்பி வழியா எத்தனை செஷன் திறக்கலாம்ங்கற கணக்கு. ஆள் கணக்கு இல்ல. நீ ஒரு ஆளுக்கு ஆயிரம் ஜன்னல் வச்ச வீடு கட்டிக் குடுத்திருக்க. வாசல்ல கூட்டம் அப்படியேதான் நிக்குது."

பிசுனின் முகம் விழுந்தது. "பேரைப் பாத்தா அப்படித் தெரியலையே."

"பேரைப் பாத்தா யாருக்கும்தான் தெரியாது" என்றாள் வசிதி. அவளும் முதல் வருஷம் அதே தப்பைச் செய்தவள்தான். பெனியாசி அதை அவள் கல்யாணத்தில் எழுந்து நின்று சொன்னான்.

அடுத்தது அவள் கை வைத்தாள். கதவுக்குப் பக்கத்தில், இன்னும் பெயர் சொல்லாமல் தட்டிக்கொண்டு நிற்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு அளவு உண்டு. அதில் நெருக்கடி இல்லை. அடுத்து, ஒரே பெயரில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்ற அளவு. எல்லாத் தீவுக்கும் ஒரே லாகின் பெயர்தான். உள்ளே வந்த பிறகே மதுக்கு, காம்பரா, மோலா என்று தீவைத் தேர்வார்கள். பெனியாசி அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு முப்பது நர்ஸ் முப்பது விதமா அழறதைக் கேக்க என்னால ஆகாது' என்பது அவன் கட்சி. அந்தப் பெயருக்கு இருபது பேர் என்று அளவு வைத்திருந்தான். வசிதி அதை நாற்பதாக்கிப் பார்த்தாள். கதவு திறந்தது, ஆனால் உள்ளே இருக்கும் மருந்து ப்ரோக்ராம் கையை நீட்டித் தடுத்துவிட்டது. அதை வாங்கியபோதே இருபது பேருக்குத்தான் உரிமம். விற்ற கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய் வெகு காலமாகிறது. கூடுதல் உரிமம் கேட்க இப்போது ஆளே இல்லை. பெனியாசி இருபது என்று எழுதியது அதனால்தான்.

'இருபது சீட்டு பஸ்' என்பான் அதை. 'நின்னுட்டு வர்றதுக்கெல்லாம் இடம் கிடையாது.'

வசிதி எண்ணைப் பழையபடி இருபதாக்கிவிட்டு, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டாள். திரையில் வரிசை இறங்கியது. இணைப்பு அறுந்து போய், ஆள் இல்லாமலே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவை சில. மழையில் வானம் கைவிட்டவர்கள். அவற்றைத் துடைத்தாள். துடைத்த சூட்டோடு அந்த இடங்கள் நிரம்பின. தரைவினிக்குக் கிடைக்கவில்லை. அவளைவிட வேகமாய்த் தட்டியவர்களுக்குக் கிடைத்தது.

மிச்சம் இருந்த வரிகளில் பன்னிரண்டு ஒரே இடத்திலிருந்து வந்தவை. தீவிலிருந்து அல்ல. இந்தக் கட்டிடத்துக்குள்ளிருந்து. எத்தனை நாளாய் அசையவில்லை என்பதும் பக்கத்தில் இருந்தது. அந்த முகவரியை அவள் மனப்பாடமாய் அறிவாள். நாற்காலியைத் திருப்பவில்லை. திருப்பாமலே முதுகுக்குப் பின்னால் அந்த முனகல் கேட்டது.

பெனியாசியின் வேலைப் பழக்கம் அது. காலாண்டு நெருங்கும்போது தூரத்துத் தீவுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜன்னல் திறந்து வைத்துக்கொள்வான். தட்டுவதில் மெதுவான நர்ஸுகளுக்கு மாவுக்கட்டுத் துணி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் அவனே முன்கூட்டி நிரப்பி வைப்பான். அவர்கள் உள்ளே வரும் நேரத்துக்கு ஒவ்வொன்றாய் மூடி இடம் விடுவான். இந்த முறை மூட வரவில்லை.

பிசுன் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான்.

"அக்கா, இது..."

"ஆமா."

"அது இன்னும் ஓடுதா? துணிக்கு அடியில?"

"ஆமாடா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

வசிதி திரையைக் கீழே உருட்டினாள்.

"இங்கேருந்தே ஒரு வரியில முடிச்சிடலாமே. மேஜையைத் தொடவே வேண்டாம். துணி அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

"துணியா விலக்கு? அவன் வச்சது வச்சபடி இருக்கணும்ங்கறதுதான் விலக்கு."

"கம்ப்யூட்டருக்கும் அது உண்டா? எந்தக் கையேட்டுலயும் இல்லையே" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "சும்மா கேட்டேன்க்கா" என்றான்.

அவள் மேனேஜரிடம் போகவில்லை. போனால் அவர் ஒரு நொடியில் மூடச் சொல்வார். மூடினால் முடிந்தது. ஆனால் பாய் விரித்துச் சொன்ன வார்த்தைக்குத் தானும் தலையாட்டியவள் அவள். பசி வந்ததும் மதுக்குக் கடலில் யாராவது வலையை எடுத்துக்கொண்டு இறங்கினால் என்ன பேச்சு வருமோ அதே பேச்சு இதற்கும் வரும். வராவிட்டாலும் அவளுக்குள் வரும். சந்தைக்குப் போய் அனுமதி கேட்கப் போகும்போது முறைப்படி முன்னால் வைக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, மாலை பஸ்ஸில் கினோயாவில் பெனியாசியின் வீட்டுக்குப் போனாள்.

பெனியாசியின் மனைவி கெலேரா வாசலிலேயே நின்றிருந்தாள். கறுப்பு உடை. இளைத்திருந்தாள்.

"என்னடி இது, தெப்பமா நனைஞ்சு? குடை இல்லையா?"

"பஸ்ல விட்டுட்டேன்க்கா."

உள்ளே பாயில் உட்கார்ந்து வசிதி வேர்க்கட்டை முன்னால் வைத்தாள். முறையான சொற்கள் இருந்தன, தந்தை சொல்லக் கேட்டவை. நான்கு வார்த்தைக்கு மேல் வாய் ஓடவில்லை. கெலேரா கட்டைத் தொட்டுவிட்டு, "போதும்டி, சாமி கேட்டுக்கும். என்ன விஷயம், சொல்லு" என்றாள்.

"அவன் இன்னும் உள்ள இருக்கான்க்கா."

கெலேராவின் கை நின்றது. "யாரு?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. அணைக்காமப் போயிட்டான். பன்னெண்டு ஜன்னல் திறந்து கிடக்கு. அதுல இடம் அடைச்சுக்கிட்டதால நர்ஸுங்க உள்ள வர முடியல. மதுக்குல சர்க்கரை ஊசி தீரப் போகுது. நாளைக்குள்ள அந்தப் பொண்ணு உள்ள வந்து எழுதணும்."

கெலேரா அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. "பன்னெண்டு ஜன்னலா? இங்க சமையல்கட்டு ஜன்னல் கொக்கி போய் ரெண்டு வருஷம் ஆகுது. தினம் சொல்லுவேன். மழைன்னா சாரல் அடுப்பு மேலதான். அதைச் சரி பண்ண நேரமில்ல அவனுக்கு. அங்க போய்ப் பன்னெண்டைத் திறந்து வச்சிட்டு வந்திருக்கான் பாரு."

வசிதியும் சிரித்தாள். கெலேரா எழுந்து போய், தேங்காய்ப்பாலில் கொதித்த டின் மீனும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். வசிதிக்குப் பசியில்லை. சாப்பிட்டாள்.

"எல்லாத்தையும் மூடணுமா?" என்று கெலேரா கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தொழில் தெரிந்தவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். வசிதிக்கு அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"பெரும்பாலும் மூடினா போதும்."

"அப்போ ஒண்ணு விட்டு வை. நூறாம் ராத்திரி வரைக்கும். மத்ததை நீயே மூடு, நீ முறைக்காரி, உனக்கு உரிமை இருக்கு. அந்தப் பிசுன் பையனை விடாத, அவன் வெடுக்குனு பிடுங்குவான். பெனியாசியோட அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சரிக்கா."

வெள்ளி காலை வசிதி படியேறி வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பிசுன் எலுமிச்சை இலை டீ கொண்டுவந்து வைத்தான். "மொத்தமா மூட ஒரு சின்ன வரி எழுதித் தரட்டுமா?" என்று தயங்கிக் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஒரு செஷனை முடிக்க முரட்டு வழியும் உண்டு, கிளம்பு என்று சொல்லிவிட்டு அது தன் சாமானை எடுத்து வைக்க அவகாசம் கொடுக்கும் வழியும் உண்டு. அவள் இரண்டாவது வழியில் போனாள். ஒவ்வொன்றும் எந்தத் தீவின் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதில் அவன் நிரப்பி வைத்திருந்ததைச் சேமித்துவிட்டு, அனுப்பினாள். காம்பரா. மோலா. ஓனோ. ஓனோவுக்குக் கொசுவலை நிறையப் போட்டிருந்தான். ஒரு வரி மறைய, அந்த இடத்தில் உயிருள்ள ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். மதுக்கு மட்டும் மிஞ்சியது. அதை விட்டுவிட்டாள்.

போன் அடிப்பது குறைந்தது. கீழே பெட்டி ஒட்டும் டேப்பின் கிறீச்சென்ற சத்தம் தொடங்கியது. பிசுன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினான். "ஜெயிச்சிட்டீங்க அக்கா" என்றான்.

"தரைவினி வரலையே."

அவள் வரவில்லை. இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன, இருபதும். நண்பகல் நெருங்கும்போது மதுக்கிலிருந்து போன்.

"அக்கா, காலையிலேருந்து மேகம். இப்பதான் தட்டுக்குச் சிக்னல் வந்துச்சு. உள்ள வரப் பாத்தா மறுபடி அதையே சொல்லுது, நிறைய பேர் இருக்காங்கன்னு."

"ஒரு நிமிஷம் இரு. யாராவது இறங்குவாங்க."

"பேட்டரில சிவப்பு விளக்கு எரியுதுக்கா. வெயில் இல்ல. இந்தப் பெட்டி அணைஞ்சா அவ்வளவுதான். யாரையாவது இறக்கி விடுங்க."

பிசுன் மற்றொரு போனை எடுத்தான். காம்பரா நர்ஸிடம் கெஞ்சினான். வசிதிக்கு அவன் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. "இல்லம்மா, ரெண்டு நிமிஷம் வெளிய வந்துட்டுத் திரும்ப... இல்ல, திரும்ப விடும், நிச்சயமா விடும்... நான் சத்தியம் எப்படிம்மா பண்றது?" போனைப் பொத்திக்கொண்டு திரும்பினான். "பாதியில இருக்காங்களாம். எழுந்தா சீட் போயிடும்னு பயப்படறாங்க. ரெண்டு நாளா நின்னு வாங்கின சீட்டாம். யாரும் இறங்க மாட்டாங்கக்கா."

யாரைத் தள்ளிவிட முடியும்? பாதி எழுதியது போய்விடும். அங்கேயும் யாரோ ஒருவருடைய ஊசி இருக்கும். வசிதி வரிசையை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். பத்தொன்பது பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் வெறுமனே இருந்தான்.

கெலேராவைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் அவள் சரி என்றுதான் சொல்வாள். அனுமதிக்காகக் கேட்பது வேறு, சரி என்று சொல்ல வைப்பதற்காகக் கேட்பது வேறு. அதற்கு நேரமும் இல்லை.

"அக்கா?" என்றது போன். "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மதுக்கு ஜன்னலில் அவன் நிரப்பியிருந்ததைப் பார்த்தாள். காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி, குழந்தைகளுக்கான புழு மருந்து. குளிர் மருந்து வரிசைக்கு வந்து, அங்கே நின்றிருந்தான். அதை அவன் நிரப்ப முடியாது. சேமித்தாள். அவள் உதடு அசைந்தது. பிசுன் என்னவென்று கேட்கவில்லை. அவள் சொன்னது, "எந்திரி மாமா, பொண்ணு நிக்குது" என்பதுதான்.

வரி மறைந்தது.

"ஏறுடி" என்றாள் போனில். "இப்பவே தட்டு."

மூச்சுப் பள்ளம். திரையில் இருபதாவது வரி முளைத்தது.

"வந்துட்டேன்! வந்துட்டேன்க்கா! இதென்ன, பாதி ஏற்கனவே போட்டிருக்கு?"

"போட்டிருந்தா விடு. ஃபிரிட்ஜைப் பாத்து எழுது, சீக்கிரம்."

"எழுதறேன்... நாலு... நாலரை டிகிரி. ஊசி, மூணு பேருக்கு. போட்டாச்சு. அனுப்பிட்டேன். போச்சா?"

"வந்துருச்சு."

"அக்கா, புழு மருந்து கூடப் போட்டிருக்கு. நான் மறந்தே போ..." என்றாள் தரைவினி. அதோடு அவள் பெட்டி அணைந்தது.

கீழே குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி கொட்டும் சத்தம் கேட்டது. பிசுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். மரப்பட்டைத் துணிக்கு அடியில் விசிறி முன்போலவே முனகியது. அங்கே இப்போது பன்னிரண்டு ஜன்னலிலும் தொடர்பு முடிந்தது என்ற ஒரே வாசகம்தான் இருக்கும். தூக்கிப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. வசிதிக்கும் இல்லை.

மாலையில், கப்பல் துறையை விட்டது தெரிந்த பிறகு, பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே கெலேராவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, ஒண்ணைக்கூட விட முடியல. கடைசி நேரத்துல அதையும் மூடிட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்."

அந்தப் பக்கம் பாத்திரத்தில் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது. பிறகு குழாயை மூடினாள் போலிருக்கிறது.

"ஊசி ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"அப்போ விடு." கொஞ்சம் பொறுத்து, "கல்யாணமான புதுசுல பஸ்ல ஜோடியா உக்காந்து வரணும்னு எனக்கு ஆசை. அவன் எங்க உக்காந்தான்? வாலு பே தாண்டறதுக்குள்ள யாராவது ஒரு கிழவி ஏறிடுவா. இவன் எந்திரிச்சிடுவான். வீடு வர்ற வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டிட்டு நிப்பான்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சனிக்கிழமை வாடி. அந்தப் பையனையும் கூட்டிட்டு வா. ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொல்லு. இந்தக் கொக்கியை மாட்டணும், நேத்து ராத்திரி முழுக்க சாரல்."

"சொல்றேன்க்கா."

அவள் வீட்டுப் பக்கம் போகும் ரைவாங்கா பஸ் வந்தது. உள்ளே ஒரு இடம்கூட இல்லை. வசிதி ஏறி, ஈரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வலித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.